விறாந்தையில் ஒரு கடதாசி ஆட்டம்

முதுமையைப் பற்றிய நாடகம் என்றதும் எங்களில் பலருக்கு நினைவுக்கு வருவது கண்ணீர்க் காட்சிதான். கைவிடப்பட்ட தாய், திரும்பிப் பாராத மகன், கடைசியில் ஒரு மரணம். முதியோர் தின நிகழ்வுகளில் இவ்வாறான நாடகங்களைப் பார்த்துப் பழகிவிட்டோம். முன்வரிசையில் மாலையோடு அமர்த்தப்பட்டிருக்கும் முதியவர்கள் அதைப் பார்த்து என்ன நினைக்கிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை. முதியோர் இல்லத்தில் வாழும் இருவரை மேடையில் இருத்தி, சபையை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்து, பிறகு அந்தச் சிரிப்பையே தொண்டையில் அடைக்க வைத்த ஓர் அமெரிக்க நாடகம் இருக்கிறது. அதன் பெயர் 'த ஜின் கேம்'. ஜின் என்றதும் போத்தலை நினைத்துவிட வேண்டாம். இது ஒரு கடதாசி விளையாட்டின் பெயர்.

இதை எழுதியவர் டி. எல். கோபர்ன். நாடகத்துறையில் வளர்ந்தவர் அல்லர். விளம்பரத் தொழில் செய்துகொண்டிருந்தவர். இதுதான் அவர் எழுதிய முதல் நாடகம். 1976இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் சிறியதோர் அரங்கில் மேடையேறி, 1977 ஒக்டோபரில் நியூயோர்க்கின் பிரோட்வே அரங்குக்கு வந்தது. மைக் நிக்கல்ஸ் நெறியாள்கை செய்தார். நடித்தவர்கள் இருவர் மாத்திரமே: 68 வயதான ஜெசிக்கா டான்டி, 66 வயதான ஹியூம் குரோனின். 517 தடவைகள் அங்கே மேடையேறிய இந்நாடகத்துக்கு 1978ஆம் ஆண்டின் புலிட்சர் பரிசு கிடைத்தது. டான்டிக்குச் சிறந்த நடிகைக்கான டோனி விருது கிடைத்தது. டான்டியும் குரோனினும் 1942 முதல் கணவன் மனைவி. முப்பத்தைந்து வருடம் ஒன்றாக வாழ்ந்த இருவர், உலகில் யாருமற்ற இரண்டு அந்நியர்களாக இரவுக்கிரவு மேடையில் அமர்ந்தார்கள்.

கதை நடப்பது பென்ட்லி என்ற முதியோர் பராமரிப்பு இல்லத்தின் விறாந்தையில். வெயில் விழும் இடம். கழித்து ஒதுக்கிய தளபாடங்கள் கிடக்கின்றன. அன்று பார்வையாளர் நாள். உள்ளே மற்றவர்களுக்குப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள். தம்மைப் பார்க்க எவரும் வராத இருவர் அந்த விறாந்தைக்கு ஒதுங்குகிறார்கள். ஒருவர் வெல்லர் மார்ட்டின், முன்னர் சொந்தமாகத் தொழில் நடத்தியவர். மற்றவர் பொன்சியா டோர்சி, இல்லத்துக்குப் புதிதாக வந்த பெண். பேச்சுக்குப் பேச்சு வளர்ந்து, வெல்லர் ஒரு கட்டுக் கடதாசியை எடுத்து, 'வாருங்கள், ஜின் ரம்மி பழக்கிவிடுகிறேன்' என்ற பாணியில் தொடங்குகிறார்.

எங்கள் வீடுகளில் 304 விளையாடும் ஆண்களுக்குப் பக்கத்தில் தேநீரோடு நின்றவர்களுக்கு ஆடுத்தன், உருவித்தன், கலாவரை, ஸ்கோப்பன் எல்லாம் தெரிந்திருக்கும். ஜின் ரம்மி இருவர் ஆடுவது. ஆளுக்குப் பத்துக் கடதாசி. முறைவைத்து ஒன்றை எடுத்து ஒன்றைப் போட வேண்டும். ஒரே இலக்கத்தில் மூன்று நான்கு, அல்லது ஒரே இனத்தில் வரிசையாக மூன்று நான்கு என்று சேர்த்து, பத்தும் பொருந்திவிட்டால் 'ஜின்' என்று சொல்லிக் கையை விரிக்க வேண்டும். என்ன கடதாசி வரும் என்பது அதிர்ஷ்டம். எதை வைத்து எதைப் போடுவது என்பது மூளை. எமது தாயத்தைப் போலத்தான்: சோகி எப்படி விழும் என்பது எங்கள் கையில் இல்லை, எந்தக் காயை நகர்த்துவது என்பது எங்கள் கையில் இருக்கிறது.

முதல் ஆட்டத்தில் பொன்சியா வெல்கிறார். வெல்லர் பெருந்தன்மையோடு பாராட்டுகிறார். இரண்டாவதிலும் பொன்சியா. மூன்றாவதிலும் பொன்சியா. சபை சிரிக்கத் தொடங்குகிறது. விதிமுறைகளை இப்போதுதான் கற்ற ஒரு மூதாட்டி, தயங்கித் தயங்கி, ஏறக்குறைய மன்னிப்புக் கேட்கும் குரலில் 'ஜின்' என்கிறார். வாழ்நாளெல்லாம் கடதாசி ஆடி வந்த மனிதரின் முகம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. ஒரே செய்கை திரும்பத் திரும்ப நடப்பதாலேயே சிரிப்பு வருகிறது. பகிடிக்காக எவரும் எதுவும் செய்வதில்லை.

ஆனால் கவனித்துப் பார்த்தால், ஆண் பார்வையாளரும் பெண் பார்வையாளரும் இந்த இடத்தில் ஒரே விதமாகச் சிரிக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஒரு கட்டத்துக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. 'அடுத்ததையாவது தோற்றுவிடேன், அம்மா' என்று மனது சொல்லத் தொடங்கியது. வீட்டில் ஓர் ஆணின் முகம் கறுக்கும்போது எந்தச் சொல்லை விழுங்க வேண்டும், எந்தப் பிழையைத் தன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பழகிய பெண்களுக்கு இந்த மனக்குரல் புதிதல்ல. வெல்லர் கெட்ட மனிதர் அல்லர். நகைச்சுவையாகப் பேசத் தெரிந்தவர், புத்திசாலி. தோல்வி தொடரத் தொடர, தூஷண வார்த்தைகள் வருகின்றன. பொன்சியாவுக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. பிறகு மேசையில் அடி. பிறகு மன்னிப்பு. பிறகு 'இன்னும் ஒரே ஒரு ஆட்டம்' என்ற கெஞ்சல். அந்தக் கெஞ்சலுக்குள்ளேயே அதட்டலும் இருக்கிறது. கோபம், அடி, மன்னிப்பு, சமாதானம், திரும்பவும் கோபம் என்ற இந்தச் சுற்றைக் குடும்ப வன்முறை பற்றிய கருத்தரங்குகளில் வட்டம் கீறி விளக்குவார்கள். கோபர்ன் அதை ஒரு கட்டுக் கடதாசியால் காட்டிவிட்டார். எழுபது வயதைத் தாண்டினாலும், சொத்து, தொழில், குடும்பம் எல்லாம் போய் இல்லத்தின் கதிரையொன்று மாத்திரம் மிஞ்சினாலும், ஒரு பெண்ணிடம் தோற்பதைத் தாங்க முடியாத அந்த ஒன்று மாத்திரம் போகவில்லை.

சில விமர்சகர்கள் இதை வாழ்க்கையின் அர்த்தமின்மை பற்றிய நாடகம் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அவ்வளவு தூரம் போகத் தேவைப்படவில்லை.

இனி நாடகத்தின் மற்றப் பக்கத்துக்கு வருவோம். கடதாசி ஆடிக்கொண்டே இருவரும் பேசுகிறார்கள். கையில் ஒரு வேலை இருந்தால்தான் மனிதர் மனம்விட்டுப் பேசுவார்கள் என்பதைப் பனையோலை பின்னும் இடங்களிலும் தையல் நிலையங்களிலும் நாங்கள் பார்த்திருக்கிறோம். நேருக்கு நேர் இருத்திவைத்து 'உங்கள் பிரச்சினையைச் சொல்லுங்கள்' என்றால் வராத கதை, கையில் ஓலை இருந்தால் தானாக வரும். அப்படித்தான் இங்கும். இருவரும் விவாகரத்தானவர்கள். பொன்சியா மகனைத் தனியாக வளர்த்தவர். மகன் டென்வர் நகரில் இருக்கிறான், தூரம் என்பதால் வர முடிவதில்லை என்கிறார். வெல்லர் தனது தொழில் பங்காளிகளால் பறிபோனது என்கிறார், எல்லாம் தூரதிர்ஷ்டம் என்கிறார். நாங்களும் நம்பிவிடுகிறோம்.

இரண்டாம் அங்கத்தில் ஒவ்வொன்றாக உடைகிறது. பொன்சியாவின் மகன் இருப்பது தூரத்தில் அல்ல, அதே ஊரில்தான். தாய்க்கும் மகனுக்கும் பேச்சில்லை. அவனுக்குக் கிடைக்கக் கூடாது என்பதற்காகவே தன் வீட்டைத் தேவாலயத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, கடைசியில் அரச உதவிப் பணத்தில் இந்த இல்லத்துக்கு வந்திருக்கிறார். எங்கள் ஊரில் 'பிச்சைச் சம்பளம்' என்று இரக்கமில்லாமல் ஒரு பெயர் வைத்திருக்கிறோமே, அதைப் போன்ற உதவி. அதைச் சொல்ல இருவருக்கும் வெட்கம். ஒருவருடைய வெட்கத்தை மற்றவர் தோண்டி எடுத்து மேசையில் போடுகிறார். இப்போது ஆடுவது கடதாசியல்ல.

'டென்வரில் மகன்' என்ற அந்தச் சிறு பொய்யைக் கேட்டபோது எனக்குப் பல முகங்கள் நினைவுக்கு வந்தன. முதியோர் இல்லங்களுக்கும் தனித்து வாழும் மூதாட்டிகளின் வீடுகளுக்கும் போகும்போது, நாங்கள் கேட்காமலேயே முதலில் சொல்லப்படும் செய்தி பிள்ளைகளைப் பற்றியதுதான். மகன் லண்டனில், மகள் கனடாவில், போன கிழமையும் தொலைபேசி எடுத்தாள், வருகிற ஆவணிக்கு வருகிறாள். சிலருக்கு அது உண்மை. சிலருக்குத் தொலைபேசி வந்து வருடமாகியிருக்கும். எங்கள் முன் அவர்கள் காப்பாற்ற நினைப்பது தங்கள் மானத்தை மாத்திரமல்ல, பிள்ளையின் மானத்தையும்தான். அதைப் பொய் என்று பதிவேட்டில் எழுத எனக்கு மனம் வராது.

இன்னொரு வகைக் காத்திருப்பும் எங்களிடம் இருக்கிறது. அது அமெரிக்க நாடகத்தில் இல்லை, இருக்கவும் முடியாது. 'மகன் வருவான்' என்று சொல்லும் தாய்க்கு அவன் எங்கே என்று தெரியாது. உயிரோடு இருக்கிறானா என்றும் எவரும் சொல்லவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தில் அமர்ந்த தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே காலமாகிவிட்டார்கள். அவர்களுடைய பார்வையாளர் நாள் முடியவேயில்லை. இந்தத் தாய்மாரைப் பொன்சியாவோடு ஒரே வரியில் வைக்க முடியாது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாடகம் எங்களிடம் கேட்கும் கடினமான கேள்வி இதுதான்: உன் வாழ்க்கை இப்படி ஆனது விதியாலா, உன்னாலா? வெல்லர் எல்லாவற்றையும் அதிர்ஷ்டத்தின் மேல் போடுகிறார். பொன்சியா எல்லாவற்றையும் கணவன் மேலும் மகன் மேலும் போடுகிறார். இருவரும் தங்கள் பங்கைப் பார்க்க மறுக்கிறார்கள் என்று கோபர்ன் காட்டுகிறார். பென்ட்லி இல்லத்தில் அது நியாயமான கேள்வி. ஆனால் இதே கேள்வி எங்கள் பெண்களிடம் வேறு குரல்களில் ஏற்கெனவே கேட்கப்பட்டிருக்கிறது. 'ஏன் அந்தப் பக்கம் போனீர்கள்?', 'ஏன் பிள்ளையை வெளியே விட்டீர்கள்?', 'அவளுடைய பலன்தான் புருஷன் போய்விட்டான்.' செல் விழுந்ததற்கும் முகாமில் அடைபட்டதற்கும் தன் பங்கு என்ன என்று எந்தப் பெண்ணும் கணக்குக் காட்டத் தேவையில்லை. அந்தக் கேள்வியைத் தாண்டி, நாடகத்தில் எங்களுக்குப் பொருந்தும் இடம் மிகச் சிறியது என்று சொல்வேன்: காணியை யாருக்கு எழுதுவது, மருமகளோடு பேசாமல் இருப்பதா, வெளிநாட்டில் தன் விருப்பத்துக்கு மணமுடித்த மகளின் தொலைபேசியை எடுப்பதா விடுவதா. இவற்றில் சோகி விழுந்தபிறகும் காயை நகர்த்தும் கை எங்களுடையது. பொன்சியா வீட்டை எழுதிக்கொடுத்த அந்த நாளை நாடகம் மேடையில் காட்டுவதில்லை. ஆனால் எனக்கு அதுதான் நாடகத்தின் மையக் காட்சி.

கோபர்ன் இந்த இல்லத்தை வானத்திலிருந்து எடுக்கவில்லை. அமெரிக்காவில் 1965இல் மெடிகெயார், மெடிக்கெய்ட் என்ற இரண்டு அரசாங்க மருத்துவ உதவித் திட்டங்கள் வந்தன. வசதியற்ற முதியவர்களின் இல்லப் பராமரிப்புச் செலவை மெடிக்கெய்ட் பொறுப்பேற்றதும், பராமரிப்பு இல்லம் இலாபம் தரும் வியாபாரமாக வளர்ந்தது. 1970களின் நடுப்பகுதியில் நியூயோர்க்கில் இத்தகைய இல்லங்களில் நடந்த மோசடிகளும் அசட்டைகளும் பெரும் ஊழல் விவகாரமாக வெடித்தன. றொபேட் பட்லர் என்ற மருத்துவர், அமெரிக்காவில் முதியவராக இருப்பது எப்படிப்பட்டது என்று 1975இல் எழுதிய நூலுக்கு அடுத்த வருடம் புலிட்சர் பரிசு கிடைத்தது. வயதைக் காரணம் காட்டி மனிதரை ஒதுக்குவதற்கு ஆங்கிலத்தில் தனிச்சொல் ஒன்றை 1960களின் இறுதியில் உருவாக்கியவரும் அவரே. அந்நூலுக்கு இரண்டு வருடம் கழித்து அதே பரிசு, வேறு பிரிவில், இந்நாடகத்துக்குப் போனது. இல்லவாசிகளைக் காரணமின்றிக் கட்டிவைக்கக் கூடாது, அவர்கள் பயமின்றி முறைப்பாடு செய்யலாம் என்றெல்லாம் உறுதி செய்த அமெரிக்கச் சட்டம் 1987இல்தான் வந்தது.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் எர்விங் கொஃப்மன் 1961இல் வெளியிட்ட ஆய்வு எங்களுக்குப் பாடமாக இருந்தது. உறக்கம், வேலை, பொழுதுபோக்கு ஆகிய மூன்றும் ஒரே கூரையின் கீழ், ஒரே நிர்வாகத்தின் கீழ், ஒரே மணியோசைக்கு நடக்கும் இடங்களை அவர் ஒரு தனி வகையாகப் பிரித்தார். சிறையும் மனநல வைத்தியசாலையும் மாத்திரமல்ல, முதியோர் இல்லமும் அதில் அடங்கும். அங்கே முதலில் பறிபோவது 'நான்' என்பது. முகாம் வாழ்க்கையை அறிந்த எமது வாசகிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வரிசையில் நின்று வாங்கிய உணவின் ருசி உங்களுக்குத் தெரியும். பென்ட்லியின் விறாந்தையில் வெல்லரும் பொன்சியாவும் கடதாசிக்காகச் சண்டை போடும்போது, குறைந்தபட்சம் அந்த நேரம் அவர்கள் 'முதியவர்கள்' அல்லர். ஒருவர் வெல்பவர், ஒருவர் தோற்பவர். சண்டை பிடிக்கும் அளவுக்கு அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்து இல்லங்களில் நான் அதிகம் காண்பது சண்டையல்ல, அமைதி. பிறந்தநாள், திருமணநாள், நினைவு நாள் என்று வெளிநாட்டிலிருந்து பணம் வரும். அன்று விசேட மதியபோசனம் இருக்கும். புகைப்படம் எடுக்கப்படும், பத்திரிகையிலும் முகநூலிலும் வரும். கொடுப்பவர்களின் மனம் நல்ல மனம்தான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டுக்குப் பின்னான பிற்பகல் இரண்டு மணியிலிருந்து மாலை விளக்கேற்றும் வரை ஒருவருக்கொருவர் பேச ஒரு சாட்டுக்கூட இல்லாமல் கட்டிலில் இருக்கும் அந்த நான்கு மணித்தியாலத்துக்கு அனுசரணையாளர் எவரும் இல்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் கீழ், தன்னைப் பராமரிக்க இயலாத பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் கோரி அதற்கான சபையிடம் விண்ணப்பிக்கலாம். தெரியாதவர்கள் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள். சட்டம் பணத்தைத் தரச் சொல்லும். ஞாயிற்றுக்கிழமை வந்து விறாந்தையில் ஒரு கை ஆடச் சொல்லாது.

இந்நாடகத்தில் நடிக்க வயதானவர்களே வேண்டும் என்பது எனக்குப் பிடித்த விடயம். இளம் நடிகைக்கு வெள்ளைத் தலைமயிர் ஒட்டிச் சமாளிக்க முடியாது. 2015இல் பிரோட்வேயில் மீண்டும் மேடையேறியபோது பொன்சியாவாக நடித்த கறுப்பின நடிகை சிசிலி டைசனுக்கு 90 வயது. வெல்லராக நடித்த ஜேம்ஸ் ஏர்ள் ஜோன்சுக்கு 84. நாடகம் ஓடிக்கொண்டிருந்தபோதே டைசனுக்கு 91 பிறந்தது. வாரத்தில் பல தடவை, ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம், இருவர் மாத்திரம் மேடையில். 90 வயதுப் பெண்ணால் என்ன முடியும் என்று கேட்பவர்களுக்கு அது போதும். டைசன் 2021இலும் ஜோன்ஸ் 2024இலும் காலமானார்கள்.

முடிவைச் சொல்லிவிடுவதால் நாடகம் கெட்டுவிடாது. கடைசி ஆட்டத்திலும் பொன்சியாதான் வெல்கிறார். வெல்லர் கைத்தடியை எடுத்து மேசையை ஓங்கி ஓங்கி அடிக்கிறார். பிறகு உள்ளே போய்விடுகிறார். சமாதானம் இல்லை, கண்ணீர் மல்கிய அணைப்பு இல்லை, மகன் கதவைத் திறந்துகொண்டு வருவதும் இல்லை. பொன்சியா தனித்து நிற்க, விளக்கு அணைகிறது. அந்த இல்லத்தில் அவருக்கு இருந்த ஒரேயொரு பேச்சுத்துணையும் போய்விட்டது. வென்றவர் அவர்தான்.

டான்டியும் குரோனினும் நடித்தது 1981இல் ஒளிப்பதிவாகியிருக்கிறது. மேரி டைலர் மூர், டிக் வான் டைக் நடித்த தொலைக்காட்சி வடிவம் ஒன்று 2003இல் வந்தது. ஆங்கிலம் ஓடுமட்டும் தெரிந்த பிள்ளையோ பேரப்பிள்ளையோ பக்கத்திலிருந்து சொல்லித் தந்தால் கதை விளங்காமல் போகாது. முகத்தைப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். மாதர் சங்கக் கூட்டமொன்றில் சேர்ந்து பார்க்கக் கிடைத்தால், பார்த்தபின் ஒரு கேள்வியை விவாதியுங்கள்: அவரைச் சாந்தப்படுத்துவதற்காகப் பொன்சியா ஒரு ஆட்டத்தையாவது வேண்டுமென்றே தோற்றிருக்க வேண்டுமா? உங்கள் பதில்களை எமக்கு எழுதி அனுப்புங்கள். மாமியாரும் மருமகளும் தனித்தனியாக எழுதினால் இன்னும் நல்லது.